குடவாசல் பக்கத்து மூத்த ஆய்வாளர்

கருவில் மூளை வளரும்போது நரம்பு செல்கள் பிறந்த இடத்திலேயே தங்கிவிடுவதில்லை. ஊர்ந்து போய்த் தங்களுக்குரிய அடுக்கில் அமர்கின்றன. அவற்றுக்கு எப்படி வழி தெரிகிறது என்று கருவுற்ற கோழி முட்டைகளை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடமாகப் பார்த்துவருகிறேன். அந்தச் செல்களுக்கு இருக்கிற தெளிவு, என் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டால் கதை முடிந்தது. ஆனால் வெளிநாட்டு ஆய்விதழின் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. அப்பாவின் பெயரைத் தட்டிவிட்டேன். கட்டுரை அச்சில் வந்தபோது அவர் பெயர் முழுதாகவும் என் பெயர் ஒற்றை எழுத்தாகவும் இருந்தது. அடுத்த சில கட்டுரைகளும் அப்படியே. எனக்குப் புத்தி வந்து மாற்றி எழுதத் தொடங்குவதற்குள், உலகம் மேற்கோள் காட்டுகிற கட்டுரைகள் எல்லாம் அப்பா பேரில் சேர்ந்துவிட்டன. அவற்றையே மேற்கோள் காட்டிப் பிறகு நான் எழுதியவை என் பேரில் சீந்துவாரில்லாமல் கிடந்தன.

பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோதுதான் இது வெடித்தது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன உயர்வு. இந்த முறையும் விட்டால் ஓய்வு பெறும்வரை இணைப் பேராசிரியர்தான். நேர்காணலில் குழுத் தலைவர் கணினி தந்த அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க கட்டுரைங்க எல்லாமே ஒரு மூத்த ஆய்வாளரோட வேலையை நம்பித்தான் நிக்குது. ஒவ்வொண்ணுலயும் அவரைத்தான் மேற்கோள் காட்டுறீங்க. நீங்க தனியா நிக்கிற ஆளான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“அவர் எங்கப்பா சார்.”

“அப்பாவா? அப்ப இன்னும் மோசம்.”

அந்த மூத்த ஆய்வாளர் குடவாசல் பக்கத்தில் இந்நேரம் சம்பா பயிருக்கு யூரியா தூவிக்கொண்டிருப்பார் என்று விளக்கினேன். யாரும் சிரிக்கவில்லை. எழுதியது நான்தான் என்பதற்கு ஒரு வாரத்தில் எழுத்துமூலம் ஆதாரம் வேண்டும் என்றார்கள். ஆய்விதழ்களைக் கேட்டால், பெயர் திருத்த மாதக்கணக்காகும் என்று பதில் வந்தது.

எங்கள் ஊரில் பட்டாவில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயருமாக இருப்பவர்கள், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கிக்கொள்வது வழக்கம். அந்தத் தைரியத்தில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் போனேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“மேடம், உங்கப்பா இதோ என் முன்னாடி நிக்கிறாரு. நிலத்தோட சிட்டா, அடங்கல் எல்லாம் அவரு பேருல இருக்கு. நீங்களும் அவரும் ஒரே ஆளுன்னு எழுதினா என் வேலை போயிடும். ‘இதெல்லாம் நான் எழுதினதில்லை’ன்னு அவரையே ஒரு லெட்டர் கொடுக்கச் சொல்லுங்க.”

அப்பாவுக்கு அவ்வளவாக மனமில்லை. விஷயம் பரவி, உரக்கடையில் இரண்டு நாளாக அவரை “வாங்க டாக்டர்” என்றுதான் கூப்பிட்டார்கள்.

“ஏம்மா, எனக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லைன்னு நானே கையெழுத்துப் போடணுமா?”

“ஆமாப்பா.”

“உங்கம்மா தினமும் சொல்றதுதான். எழுத்துலயும் கொடுத்துடுவோம்.”

நான் தயாரித்துக் கொண்டுபோயிருந்த வாசகத்தை ஒதுக்கிவிட்டு, கோடு போட்ட தாளில் தானே எழுதினார். உறையில் போட்டு ஒட்டியும் கொடுத்துவிட்டார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குள் பேச்சு எப்போதும் அளவோடுதான்.

மறுவாரக் கூட்டத்தில் தலைவர் அதைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார்.

“ஐயா, வணக்கம். எனக்கு விவசாயம் தவிர ஒன்றும் தெரியாது. மேற்படி கட்டுரைகளை நான் எழுதவில்லை, படித்ததும் இல்லை. என் மகள் என்னை நம்பி நிற்பதாகச் சொன்னீர்களாம். டீச்சர் டிரெயினிங் சேரச் சொன்னேன், விலங்கியல் சேர்ந்தாள். மாப்பிள்ளை பார்த்தேன், ஜெர்மனிக்கு டிக்கெட் எடுத்த பிறகு சொன்னாள். ஒரு வருடம் அவளோடு பேசாமல் இருந்தேன். அப்போதும் நன்றாகத்தான் படித்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைக் கேட்டு எதையும் செய்ததில்லை. தனியாக நிற்பாள் என்று உறுதி கூறுகிறேன்.”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் காலி உறையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தலைவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து, பேராசிரியர் ஆகிவிட்டேன் என்றேன்.

“வேற யாருக்காவது சொல்லிட்டியா?”

“இல்லைப்பா. உங்களுக்குத்தான் முதல்ல.”

“சரி,” என்றார். “இதையாவது சொல்லணும்னு தோணுச்சே.”