பீளமேட்டு ஒறம்பரை

கணிதத்தில் பட்டமும் புள்ளியியலில் பயிற்சியும் முடித்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, தெருத்தெருவாகப் போய்க் கேள்வி கேட்பது. அறுபதுகளின் நடுவில் கோயமுத்தூர்ப் பக்கம் சேவைத் தொழில்களைப் பற்றி அரசாங்கம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பீளமேட்டில் சில தெருக்கள் என் பங்குக்கு வந்தன.

ஆலையை அளப்பது சுலபம். உள்ளே போன பஞ்சையும் வெளியே வந்த நூலையும் எடை போட்டுவிடலாம். சலவைக்குப் போன வேட்டியை என்ன செய்வது? போகும்போதும் வேட்டி, வரும்போதும் வேட்டி. ஆனால் நடுவில் ஒருவர் வெயிலில் நின்று வேலை செய்திருக்கிறார். அவர் வாங்கிய கூலியிலிருந்து சலவைச் சோடாவுக்கும் இஸ்திரிக் கரிக்கும் கொடுத்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நாட்டின் வருமானத்தில் அவர் சேர்த்த பங்கு. இப்படி ஒவ்வொரு தெருவிலும் கேட்டு, மாதிரியாக எடுத்த தெருக்களை வைத்து மொத்தத்தை மதிப்பிடுவார்கள். ஆலைகளும் வயல்களும் மட்டும் கணக்கில் இருந்தால் ஊரில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பதாக ஆகிவிடும்.

எதற்கும் பட்டியல் போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். சலவை, முடி திருத்தகம், வாடகை சைக்கிள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், ரேடியோ ரிப்பேர், சாப்பாட்டுக் கடை. பெரும்பாலும் சிரமமில்லாமல் பதில் சொன்னார்கள். வாடகை சைக்கிள்காரர் மட்டும், "வண்டி வாடகைக்குப் போகாம சும்மா நிக்குதுங்களே, அதையும் எழுதிக்குவீங்களா அம்மணி? அதுதான் நம்மகிட்ட நெறைய இருக்குது" என்றார். எழுத இடமில்லை என்றேன். "அப்பப் பாதித் தொழிலை உட்டுப்போட்டீங்க போங்க" என்று சிரித்தார்.

சிக்கல் வந்தது கடைசித் தெருவின் கோடி வீட்டில். ஓட்டு வீடு, போர்டு கிடையாது. மதியத்தில் வாசல் நிறையச் செருப்புகள் கிடக்கும். அங்கே இருந்தவர் நாற்பதை ஒட்டிய ஒரு அம்மா. ஆலை வேலையிலிருந்த கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள்.

"இங்க சாப்பாடு போடறீங்களாங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"போடறேனுங்க. வர்றவங்களுக்குச் சோறு போடாம இருக்க முடியுங்களா?"

"காசுக்குங்களா?"

"எல்லாம் ஒறம்பரைங்க" என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி, சொந்தபந்தம் எல்லாம்தான். இங்கே ஒருவரை ஒறம்பரை என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவரைப் பற்றித் துருவிக் கேட்பது மரியாதை இல்லை. நானும் இந்த ஊர்க்காரிதான். பேனாவை மூடிவிட்டு, தொழில் எதுவுமில்லை என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். வெளியூர்க்காரர் யாராவது போயிருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

ஆபீஸில் சூப்பர்வைசர் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவரும் அந்தத் தெரு வழியாகப் போயிருக்கிறார். "மூணு பேர் குடும்பத்துக்கு அத்தனை செருப்பு எதுக்குங்க? தெனமும் இத்தனை ஒறம்பரைன்னா கல்யாண மண்டபம்னு எழுதிருங்க. அதுக்கும் தனி நம்பர் இருக்குது" என்றார்.

மறுநாள் மதியம் போனேன். இந்த முறை நேராகவே சொன்னேன். "நீங்க தொழில் இல்லைன்னு சொன்னா, வாங்கற அரிசி பருப்பெல்லாம் நீங்க மூணு பேரும் சாப்பிட்டதா ஆயிருமுங்க. நீங்க ஆக்கிப் போடற வேலை எந்தக் கணக்குலயும் இருக்காது."

"இல்லாட்டிப் போகுது கண்ணு. கணக்குல இல்லைன்னா சோறு வேகாதா?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "எதுத்த ஊட்டுல ஒருத்தரு தையல் மிசின் போட்டாரு. குடியிருக்கத்தான் ஊடு, கடை வெக்க இல்லைன்னு ஓனர் ஒரே மாசத்துல காலி பண்ணச் சொல்லிப்போட்டாரு. இதுக்கும் அவருதான் ஓனர். ரெண்டு பொம்பளைப் புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

வீட்டு ஓனர் மூன்று தெரு தள்ளி இருந்தார். ஒரு ஆலையில் பங்குள்ள பெரிய குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே எங்கள் தமிழும் பேசுகிறவர்கள்.

நீங்கள் சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது, அது சட்டம் என்றேன். அவர் என்னை நம்பாமல் இல்லை. ஆனால் சட்டத்தை நம்பி வீட்டைப் பணயம் வைக்கும் நிலையில் அவர் இல்லை. "மொதல்ல சாப்பிடுங்க. பேச்சு அப்புறம்" என்று இலையைப் போட்டுவிட்டார்.

போன இடத்தில் சாப்பிடக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. மோரோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். ஆனால் போட்ட இலையை விட்டு எழுந்தால் அந்த வீட்டில் அப்புறம் ஒரு வார்த்தை வாங்க முடியாது. உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் கல்லூரி மாணவர்கள். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சாதம், பச்சைப்பயறு கடைசல், கொள்ளு ரசம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முடிந்ததும் காசு கொடுத்தால் நான் வாடிக்கையாளர். கொடுக்காவிட்டால் விருந்தாளி. அவர் எதை ஏற்றுக்கொள்வார் என்பதிலேயே என் கேள்விக்குப் பதில் இருந்தது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வீட்டு ஓனர்தான். சுவரெல்லாம் புகை ஏறுவதாகப் பக்கத்து வீட்டில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏம்மா, என்ன விசேசம்? சொல்லவே இல்லை?"

அந்த அம்மா கரண்டியோடு நின்றார். "விசேசம் ஒண்ணுமில்லீங்க முதலாளி. ஒறம்பரை வந்திருக்காங்க."

"இத்தனை பேருமா?"

வரிசையில் முதலில் இருந்த மாணவன் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "எனக்கு அத்தைங்க" என்றான். அடுத்தவன் சின்னம்மா என்றான். மூன்றாவதாக இருந்தவன் பாலக்காட்டுக்காரன். "எனக்கும் அத்தையாணு" என்றான். பக்கத்திலிருந்தவன் அவன் முழங்காலில் இடித்தான்.

"பாலக்காட்டுல எந்த அத்தைடா உனக்கு?" என்று கேட்டுவிட்டு ஓனர் என் பக்கம் திரும்பினார். "அம்மணி யாருங்க?"

"சாப்பிட வந்தேனுங்க" என்றேன். அதில் பொய் இல்லை.

அவர் கண் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாள்களுக்குப் போனது. "சர்க்கார் தாளாட்டம் இருக்குது. இந்த ஊட்டைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

அந்தத் தாளில் சிவப்புக் கோட்டைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்று சொல்வதும் ஒரு பதில்தான். "சொல்லக்கூடாதுங்க. நாளைக்கு உங்க ஊட்டுக்கு வந்தாலும், நீங்க சொன்னதை இவங்ககிட்டச் சொல்ல மாட்டேனுங்க" என்றேன்.

"என் ஊட்டுல சொல்றதுக்கு என்ன இருக்குது?" என்றார். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மாணவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அம்மா உள்ளே போய் ஒரு இலையோடு வந்தார். என் பக்கத்தில் விரித்து, தண்ணீர் தெளித்தார். "நேரத்துக்கு வந்திருக்கீங்க முதலாளி. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க." அந்த வேளையில் படியேறி வருகிற யாருக்கும் அவர் சொல்கிற அதே வார்த்தைகள்தான்.

துக்க வீடாக இல்லாவிட்டால் விரித்த இலையை இங்கே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அவர் துண்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேசாமல் சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். கை கழுவப் பின்கட்டுக்குப் போனவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அங்கே பெரிய அண்டாக்களும், கட்டுக்கட்டாக வாழையிலையும், கரி படிந்த சுவரும் இருந்தன. அதற்கு மேல் மறைக்க எதுவும் இல்லை.

திரும்பி வந்து துண்டில் கையைத் துடைத்தார்.

"நம்ம மில் ஆபீஸ்ல ரெண்டு பசங்க. தாராபுரத்துப் பக்கம். ஓட்டல் சோறு ஒத்துக்கலைங்கறாங்க. அவங்களையும் உங்க ஒறம்பரைல சேத்துக்குவீங்களாம்மா?"

அந்த அம்மா தலையாட்டினார். "சேத்துக்கலாமுங்க."

"மாசத்துக்கு எவ்வளவு வாங்கறீங்க?"

பாலக்காட்டுக்காரன்தான் மறந்துபோய்த் தொகையைச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஓனர் சிரித்துவிட்டார். "அத்தைக்கு மாசாமாசம் காசு குடுக்கற மருமவனை இப்பத்தான் பாக்கறேன்." படி இறங்கும்போது, "சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுப்போடுங்க. வாடகையும் அடுத்த மாசத்துல இருந்து கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாணவர்கள் ஒவ்வொருவராக இலையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி என்னங்க அம்மணி, எழுதுங்க" என்றார்.

எல்லாவற்றையும் கேட்டேன். அரிசி, பருப்பு, விறகு, இலை, வாங்கும் தொகை. மகள்கள் காலையில் காய் நறுக்கித் தருவதையும் குறித்துக்கொண்டேன். கூலி வாங்காமல் வேலை செய்யும் குடும்பத்தார் என்று அதற்குத் தனியாக ஒரு கட்டம் இருந்தது. என் சாப்பாட்டுக்குக் காசு எடுத்தேன். "நீங்க நெசமாலுமே ஒறம்பரைங்க" என்று கையைத் தள்ளிவிட்டார். அந்த ஒரு சாப்பாட்டை எழுத எந்தக் கட்டமும் இல்லை.

வாடகைக்கு வந்தபோது, "ஏத்தப் போறதை எழுதிக்குங்க. சர்க்காருக்கும் தெரியட்டும்" என்றார்.

"போன மாசம் குடுத்ததைத்தான் எழுதணுமுங்க. ஏத்தினது அடுத்த கணக்கெடுப்புலதான் வரும்."

"அப்பவும் நீங்களே வாங்க கண்ணு" என்று எழுந்து, மிச்சமிருந்த என் இலையையும் ஓனர் இலையையும் எடுக்கத் தொடங்கினார். "நான் இந்த ஊட்டுலதான் இருப்பேன்."