சுவரைப் பிடித்து வந்த பிள்ளைகள்

இருபது வருஷம் சரக்குக் கப்பலில் சமைத்துவிட்டு, முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கரையேறியவர் அவர். பெண்பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. வந்த அன்றே பிள்ளைகள் ‘கப்பல் மாமா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அறுபது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைப்பார். ஒரு நாளும் சோறு குழைந்தது கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

ஒரு சாயங்காலம் மின்சாரம் போயிருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் பிள்ளைகள் மைதானத்திலிருந்து ஓடி வந்தார்கள். நான்கு பேர் மட்டும் சுவரைத் தடவித் தடவி வந்தார்கள். வெளிச்சம் முழுக்கப் போய்விடவில்லை. அவர்களில் சின்னவள் தட்டு அடுக்கைத் தாண்டிப் போய்க் காற்றில் கையைத் துழாவினாள்.

“என்னம்மா தேடுற?”

“தட்டு, மாமா.”

“கண்ணு முன்னாடிதானே இருக்கு?”

“பகல்ல தெரியும். பொழுது சாஞ்சா தெரியாது.”

மாமா விடுதிக் காப்பாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

“சாயங்காலம் பெருக்கச் சொன்னா போதும், இதுங்களுக்குக் கண்ணு தெரியாது. எல்லாம் நடிப்பு” என்றார் அந்தம்மா.

“நடிப்புன்னு டாக்டர் சொல்லட்டும், நானே திட்டுறேன்” என்ற மாமா, மறுநாள் நான்கு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

மூன்று பேருக்கு மாலைக்கண், வைட்டமின் ஏ போதவில்லை என்றார் டாக்டர். உயரமான நான்காமவளுக்குக் கிட்டப்பார்வை. அதற்குக் கண்ணாடிதான் வழி. மூவருக்கும் மருந்து கொடுத்துவிட்டு, “சமையல் யாரு?” என்று கேட்டார்.

“நான்தாங்க. கீரை, கேரட், பூசணி எல்லாம் போடுறேன்.”

“போடுறீங்க, சரி. சாப்பிடுறாங்களா?”



மறுநாள் மதியம் மாமா எச்சில் வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வேகவைத்த கீரை உருண்டை உருண்டையாக விழுந்தது. கேரட் துண்டுகள் போட்டது போட்டபடி வந்தன. இத்தனை மாதமாக இந்த வாளியைத் தூக்கிக் கொட்டியது அவர் கைதான். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் நடுவில் போய் உட்கார்ந்தார். “எது பிடிக்கல, வெட்கப்படாம சொல்லுங்க.”

சின்னவள்தான் முதலில், “கீரை வழவழன்னு இருக்கு மாமா. கேரட்ல மருந்து வாசம் அடிக்குது” என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். கப்பலில் கேப்டன்கூட அவரை அப்படித் திட்டியதில்லை. மாமா முகம் சிவந்தாலும் ஒன்றுக்கும் மறுப்பு சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கீரையைப் பொடியாக அரிந்து ரொட்டி மாவில் பிசைந்தார். கேரட்டைத் துருவி முட்டையோடு வதக்கினார். எண்ணெய் சேர்ந்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூசணியை மசித்துக் காரமாக்கினார். வாரம் ஒரு நாள் ஈரல். அந்த வாசமே அவருக்கு ஆகாது. ஆனாலும் பிள்ளைகள் எதிரில் முதல் துண்டை அவர்தான் மென்று விழுங்கினார். தினமும் வாளியைப் பார்த்தார்; அதில் ஏதாவது மீந்து வந்தால் மறுநாள் செய்முறை மாறும்.

மருந்தும் சாப்பாடுமாகச் சில வாரங்களில் மூன்று பேரும் பொழுது சாய்ந்த பிறகும் பந்து விளையாடினார்கள். காப்பாளர் அம்மா அடுப்படிக்கு வந்து, “நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றார்.

“நானும் எட்டிப் பார்த்திருக்கணும்மா” என்றார் மாமா.

உயரமானவளை மட்டும் கண்ணாடிக் கடைக்கு அவரே கூட்டிப் போனார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

“மாமா, உங்களுக்கு இவ்வளவு வயசாயிடுச்சா?”

கடைக்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். மாமா அடக்கவே இல்லை.