யாருடைய காலனி?

எங்கள் பக்கத்து நெல்வயல்களை மேடாக்கி எழுந்த ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாசலில் சிமெண்ட்டில் ஒரு பூமி உருண்டை. தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சுற்றும் என்றார்கள். திறப்பு விழாவன்று சுற்றியது, பிறகு ஆப்பிரிக்கா மதில் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. வடதுருவத்தில் காக்கை எச்சம் பனியாய் உறைந்து கிடக்கும். அந்த உருண்டைக்குப் பின்னால் இருப்பது பன்னாட்டு ஆய்வுத் துறை.

அந்தத் துறைக்கு ஆண்டுக்கொரு பண்பாட்டு வாரம். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, அவரவர் பண்பாட்டை அவரவருக்கே கற்பிக்கும் வாரம் அது. நேபாளத்துப் பையனிடம் கூர்க்கா தொப்பி போடு என்பார்கள். கென்யாவிலிருந்து வந்த பெண்ணுக்குச் சிறுத்தைப் புள்ளித் துணியும் அட்டையில் வெட்டிய ஈட்டியும் கொடுப்பார்கள். அவள் நைரோபியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். சிறுத்தையை அவளும் நம்மைப்போல் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறாள். கடைசி நாள் ‘கிராம தரிசனம்’. அதற்கு உத்திரமேரூரிலிருந்து நான். உள்ளூர்க் கவிஞர், பாதி நேரம் மொழிபெயர்ப்பாளர். சம்பளம் ஒரு சால்வை. வீட்டில் மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாம் என் சால்வைகளைப் போர்த்திக்கொண்டு என்னைவிட கௌரவமாக இருக்கின்றன.

போன தை மாதத்துத் தரிசனத்தில், பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் அந்தத் துறையின் எம்.ஏ. மாணவி. சாலவாக்கம் பக்கத்துக் கிராமம். அன்று நாங்கள் போகவிருந்ததும் அவள் கிராமத்துக்குத்தான். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்.

“மத்தியானச் சாப்பாடு எங்க வூட்ல சார்,” என்றாள். “கிளாஸ்ல சார் கேட்டாரு, யார் வூட்டுக்குப் போலாம்னு. நான் கைய தூக்கினேன். எல்லாரும் கை தட்டினாங்களா, சார் உடனே, ‘கண்டிப்பா வரேம்மா, உங்கம்மா கையால சாப்புடறேன்’னுட்டாரு.”

சார் என்றால் துறைத்தலைவர். கைதட்டல் கேட்டால் எதையும் ஒப்புக்கொள்வார். அது ஒரு நோய், அந்த வளாகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை அம்மா பிடித்துக்கொண்டுவிட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகள் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வாத்தியார் சாப்பிட வருகிறார்.

“எங்க வூட்ல இதுவரிக்கும் ஒரு வாத்தியாரும் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சதில்ல சார். அம்மாவுக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல. சார் சைவம்னேன். அதுக்குன்னு தனியா புது குண்டான் வாங்கிக்கினு வந்துகீது.”

முதலில் உத்திரமேரூர்க் கல்வெட்டு மண்டபம். உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர் என்று துறைத்தலைவர் தொண்டையைத் திறந்தார். குடவோலைத் தேர்தலின் குடம், ஓலை, சீட்டு எடுக்கும் சிறுவன் எல்லாம் வந்து போயின. கென்யாப் பெண் கை தூக்கினாள். யார் யார் அந்தச் சீட்டில் பெயர் எழுதிக்கொள்ளலாம்? சொந்த நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்று பெருமையாக அடுக்கினார்.

“நிலம் இல்லாதவர்கள்?”

“அது அந்தக் காலம்மா,” என்று சொல்லிவிட்டு எல்லாரையும் குழுப்படத்துக்கு நிற்கச் சொன்னார்.

‘அந்தக் காலம்’ என்பது எங்கள் பக்கத்தில் நல்ல கெட்டியான சொல், சாக்கடைமேல் போட்ட பலகை மாதிரி. யாரும் கால் நனையாமல் தாண்டிவிடலாம்.

ஏரிக்கரை வழியே போய்க் கிராமத்தை அடைந்தபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஊர். வலது பக்கம், வாய்க்காலைத் தாண்டி, காலனி. அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டதில் பெயர்ப்பலகையில் வெள்ளையடித்திருந்தார்கள். வாய்க்கு வெள்ளையடிக்க யாரும் வரவில்லை.

பேருந்து இடது பக்கம் திரும்பியது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஊரின் பெரிய வீட்டு வாசலில் பந்தல், வாழைமரம், நாதஸ்வரம், ஆரத்தித் தட்டு. பந்தலுக்குள் வரிசையாக இலைகள். வீட்டுக்காரர், பழைய பஞ்சாயத்துத் தலைவர், துறைத்தலைவருக்கும் பிள்ளைகளுக்கும் மாலை போட்டார். உலகம் மாலைக்குள் கழுத்தை நீட்டியது.

“சார்,” என்றாள் அவள். “எங்க வூட்ல ஆக்கி வெச்சிக்கினு காத்துக்கினு கீறாங்க சார்.”

“சின்ன மாற்றம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அங்க பஸ்ஸு திரும்பாது.”

ஓட்டுநர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னா சார் திரும்பாது? எலெக்சனப்ப வேனு, அதும் பின்னால வரிசையா காருங்க, எல்லாம் சொம்மா ரவுண்டு கட்டித் திரும்பிச்சே. உக்காரு சார், நான் திருப்பிக் காட்றேன்.”

“நீ கம்முனு இருய்யா.”

வீட்டுக்காரர் சமாதானமாகச் சொன்னார்: “அது காலனி சார். வெளிநாட்டுக் கொய்ந்திங்க. வவுறு கிவுறு கெட்டுப்பூட்டா யாரு பதில் சொல்றது?”

அந்தப் பேச்சில் கென்யாப் பெண்ணுக்குப் புரிந்த சொல் ஒன்றே ஒன்று. காலனி. அந்தச் சொல்லின் மேல்தான் அவள் ஒரு பருவம் முழுக்கப் பாடம் படித்திருந்தாள், இதே துறைத்தலைவரிடம். காலனிகளும் விடுதலையும் என்பது அவர் கோட்டை. பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம் என்று யாரையும் விடமாட்டார்.

“யாருடைய காலனி?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அய்யோ, அதில்லை. குடியிருப்பை இங்கே அப்படிச் சொல்வது வழக்கம்.”

“அப்படியானால் இது?”

“இது ஊர்.”

“இதுவும் குடியிருப்புதானே?”

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திச் சீவாளியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் குரலில் கிண்டல் இல்லை; பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரல்தான். “ஆள்கிற நாடு ஒன்று தூரத்தில் இருந்தால்தான் காலனி என்று வகுப்பில் சொன்னீர்கள். இங்கே அது எவ்வளவு தூரம்?”

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். கவிஞர் ஏதாவது பூசி மெழுகுவார் என்ற நம்பிக்கை. அதற்குள் சாலவாக்கத்துப் பெண் தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

“ஒரு வாய்க்கா தூரம்.”

சொன்னதை நான் மொழிபெயர்த்தேன்.

கென்யாப் பெண் கழுத்து மாலையைக் கழற்றி ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுச் சாலவாக்கத்துத் தோழியின் கையைப் பிடித்து நடந்தாள். நேபாளத்துப் பையன் போனான். பிறகு எல்லாரும். கொஞ்ச நேரம் பந்தலில் துறைத்தலைவரும், துறையின் பேனர் பிடித்த இருவரும், ஈ மொய்த்த இலைகளும்தான். ஆனால் விருந்தினர் இல்லாத பேனர் துண்டுத் துணிதானே. அவரும் கிளம்பினார். ஓட்டுநர் வேண்டுமென்றே பின்னாலேயே பேருந்தை ஓட்டிவந்து, காலனி முனையில் ஒரே வெட்டில் திருப்பி நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு இறங்கினார்.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. உள்ளே சர்ச்சிலிருந்து இரவல் வாங்கிய பாய்கள். அம்மா வாசலில் நின்றிருந்தார், ஈரத் தலையோடு, பெட்டி மடிப்புக் கலையாத புடவையில். கூட்டமாக வந்த அத்தனை நாடுகளையும் தாண்டி அவர் கண் தேடியது.

“வாத்தியாரு எங்கமா?”

“வராரு மா.”

பேனர்காரர்கள் படமெடுக்க முந்திவந்து வாசலை மறைத்தார்கள். அம்மா கையை வீசினார். “துன்றவங்க உள்ள வாங்க. போட்டா புடிக்கிறவங்க அப்பால நில்லுங்கப்பா, வெளிச்சம் மறைக்குது.”

கோழிக் குழம்பும் கருவாடும் இலைகளில் இறங்கின. பெரிய வீட்டுப் பந்தலில் கூச்சமாக நின்ற பிள்ளைகள் இங்கே முழங்கை வரை வழியவிட்டுத் தின்றார்கள். ஓட்டுநரும் நானும் நன்றாகத் தின்றோம். சுவரோரம் முதல் இலை மட்டும் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் புதுக் குண்டானில் சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், பாயசம். தண்ணீர் தெளித்து, சோறும் வைத்தாகிவிட்டது.

துறைத்தலைவர் வெளியே புங்கமரத்தடியில் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. என் கைப்பேசி செத்துத்தான் கிடந்தது. மாணவி போய்க் கூப்பிட்டாள். “ஒரு கால் பேசிக்கினு கீறேம்மா,” என்றார். அவசரத்தில் எம்.ஏ., பிஎச்.டி. எல்லாம் உதிர்ந்து பிறந்த ஊர் வாயில் வந்துவிட்டது.

பிறகு அம்மாவே போனார்.

“வா நைனா. சோறு ஆறிப்பூடுது. கவுச்சி படாத புது குண்டான்ல ஆக்கினது, சத்தியமா.”

“வவுறு சரியில்லம்மா.” துறைத்தலைவர் சுற்றிலும் பார்த்தார். “ஒரு கலர் இருந்தா குடும்மா, போதும்.”

கலர் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காலனி வீட்டுக்கு வந்துவிட்ட ஊர்க்காரர் கடையிலிருந்து தருவித்துக் குடிக்கும் சோடா, மூடி திறக்காதது, அந்த வீட்டுக் கை படாதது. என் பெரியப்பா அப்படித்தான் குடித்தார், துக்கம் கேட்கப் போன இடத்தில்கூட. ஐக்கிய நாடுகள், அணிசேராமை, ஆசியான் என்று ஆயுளெல்லாம் பேசியவருக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்தத் தகர மூடிதான்.

மகள் கடைக்கு ஓட எழுந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, புரியாமல் இருக்க அவர் வெளிநாட்டுக்காரர் இல்லை.

“எங்க போற? கலர் வாணாம். வவுறு சரியில்லாதவருக்குக் கலரு ஆவாது. சுடுதண்ணி குடிக்கட்டும், போயி அவுங்க வூட்ல.”

துறைத்தலைவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு நேரமாகிவிட்டது என்றார், அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்றார். யாரும் எழவில்லை. ஹாரன் அடிக்கச் சொல்ல ஓட்டுநரைத் தேடினார். ஓட்டுநர் உள்ளே இரண்டாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டிருந்தார். ஆகவே அவரே பேருந்தில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஹாரனை அழுத்தினார்.

அம்மா உள்ளே வந்தார். மகள் சுவரோர இலையை எடுக்கக் குனிந்தாள்.

“உடு. எடுக்காத.”

புடவையைச் சுருட்டிக்கொண்டு அந்த இலையின் முன் அவரே உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். கென்யாப் பெண் கை கழுவிவிட்டு வந்து, புதுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு, தோழியிடம் கற்ற தமிழில் கேட்டாள்:

“இன்னா ஓணும் மா?”

“எல்லாத்தயும் வை,” என்றார் அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே. ஹாரன் மறுபடியும் அலறியது. அவர் தலை நிமிரவில்லை. “நல்லாத்தான் கீது. உப்பு மட்டும் ஒரு கல்லு கொறச்சல்.”