மதினி திருப்பிக் கொடுத்த கேபிள் பாக்ஸ்

நரிக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சிக்கனம் என்றால் என் மதினி ராமலட்சுமி பெயரைத்தான் சொல்வார்கள். வடிகஞ்சி ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை காட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பார். மாசம் பிறந்தால் போன், வைஃபை, கேபிள் என்று போகிற காசுக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. போன தையில் அதுவும் தெரிந்துவிட்டது.

முதலில் மதினி, என் அண்ணன் சின்னச்சாமியின் போனில் கைவைத்தார்.

“வீட்ல வைஃபை இருக்கு. காட்ல இருக்கிறது ஆடு. உங்களுக்கு எதுக்கு நெட்டு?”

பேச மட்டும் செய்கிற ரீசார்ஜ் பேக்குக்கு மாற்றியாயிற்று. “அவுக பேசுற பேச்சுக்கு அதுவே சாஸ்தி” என்று என்னிடம் சொன்னார்.

அடுத்தது கேபிள். சீரியல் எல்லாம் வைஃபையிலேயே வருகிறது. ஒரு நாள் பிந்தி வரும், அவ்வளவுதான். “நேத்து அழுதவ இன்னைக்கும்தான் அழப்போறா” என்று மதினி பாக்ஸைக் கழற்றி, துடைத்து, ரிமோட்டோடு மஞ்சள் பையில் போட்டு ஆபரேட்டர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆபரேட்டர் மாரீஸ்வரன் மதினியின் உடன்பிறந்த தம்பி. பக்கத்து ஊர். பாக்ஸை மாட்டிய அன்று கூலி வாங்காமல், “எக்கா, இது பிறந்த வீட்டுச் சீரா இருக்கட்டும்” என்று சொல்லியிருந்தான். சீரைத் திருப்பி அனுப்பினால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான்: உறவு வேண்டாம். அது மதினிக்குத் தெரியாததில்லை. பாக்ஸும் சீரில் சேரும் என்றுதான் தோன்றவில்லை. மாசாமாசம் பில் வாங்குகிற சீரை அவர் பார்த்ததில்லை.

அடுத்த மாசம் மதினி மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்களில் யாருக்கும் காது குத்தியதில்லை. அவளுக்கு இருப்பது ஒரே மாமன்.

தோஹாவில் வேலையில் இருக்கும் நான் விஷயம் தெரிந்ததும் போன் போட்டேன். “பாக்ஸைத் திரும்ப வாங்கிருங்க மதினி, காசு நான் அனுப்புறேன்” என்றேன்.

“நீங்க அனுப்புனா அது காசில்லையா கொழுந்தனாரே?”

அதற்குள், ராமலட்சுமியே எடுத்துவிட்டாள் என்றால் விஷயம் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அழகுத்தாய் தொடங்கித் தெருவே பாக்ஸைத் திருப்பிவிட்டது. எல்லாம் மஞ்சள் பையில்.

தாய்மாமனுக்குத்தான் முதல் அழைப்பு. மதினியும் அண்ணனும் வெற்றிலைத் தட்டோடு போனார்கள். மாரீஸ்வரன் தட்டைத் தொடவில்லை.

“வாங்க மாமா” என்று அண்ணனை மட்டும் கேட்டான். “பாக்ஸு வேணாம்னவளுக்கு மடி மட்டும் எதுக்காம்? கேளுங்க.”

அண்ணன் மதினியைப் பார்த்தார்.

“காசு கட்டுனாத்தான் மடின்னா அதைச் சொல்லச் சொல்லுங்க. காரியாபட்டில பெரியப்பா மகன் ஜெயபாண்டி இருக்கான். அவன் வீட்ல டிஷ்ஷு. கோவிக்க மாட்டான்.”

தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸில் அண்ணன் மெதுவாக, “ஜெயபாண்டிட்ட கேட்டுட்டியா?” என்றார்.

“கேக்கவா? கூடப் பிறந்தவன் இருக்கையில அடுத்தவன் மடியிலயா எம்பிள்ளையை வைப்பேன்?”

அன்றைக்கு மதினி சாப்பிடவில்லை என்று அண்ணன் போனில் சொன்னார். சோறு மீந்துபோனதாகவும் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

காதுகுத்தன்று குலசாமி கோயிலில் ஆசாரி வந்து உட்கார்ந்தாயிற்று, மாமனைக் காணோம். அண்ணன் போனில் நெட் இல்லாததால் அழகுத்தாய்தான் தன் போனில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். படம் நின்று நின்று வந்தது. ஒரு தடவை நின்று வந்தபோது மாரீஸ்வரன் புது வேட்டியில், சீர்த்தட்டோடு நடந்து வந்துகொண்டிருந்தான்.

“நான் இருக்கையில எவன்டா மடி குடுக்கிறவன்?” என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். ஜெயபாண்டியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், அவனும் சுற்றிப் பார்த்தான்.

யாழினி ஊரைக் கூட்டி அழுதாள். காது குத்தியாயிற்று. அக்காளும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பந்தியில் நடந்ததை அண்ணன் சொன்னார். மாரீஸ்வரன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மதினி கறி வாளியோடு எதிரே நிற்கிறார்.

“மாமா, இனிமே கேபிளை நம்பிப் பொழைக்க முடியாது. நானும் வைஃபை ஏஜென்சி எடுத்திருக்கேன். இப்ப இருக்கிறதை விட்டுட்டு என்கிட்ட மாறிக்கிறச் சொல்லுங்க.”

“மூணு மாசம் சும்மா குடுப்பானான்னு கேளுங்க.”

“ஒரு மாசம்னு சொல்லுங்க மாமா.”

அண்ணன் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டுன்னு வச்சுக்கிருவமே” என்றார்.

“உங்களை யாரு கேட்டா?” என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

மாரீஸ்வரன் அக்காள் பக்கம் திரும்பினான். “எக்கா, ஒரு மாசந்தான். அதுக்கு மேல எனக்குக் கட்டாது.”

“ஏலே, மூணு” என்று மதினி அவன் இலையில் இன்னொரு கரண்டி கறியைப் போட்டார்.