மல்லிகாவின் கையெழுத்தைத் தேடி ஜவ்வாது மலைக்கு

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போனேன். அருவி பார்க்க அல்ல, ஒரு கையெழுத்துக்காக. மறைந்த தாவரவியல் பேராசிரியர் ஒருவரின் குறிப்பேடுகள், கடிதங்கள், உலர்த்திய செடிகள் எல்லாவற்றையும் கணினியில் பட்டியலிடுவது என் வேலை. இணைப்புத் தரவு என்பார்கள். ஆள், ஊர், செடி ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். ஒன்றைத் தொட்டால் அதோடு தொடர்புள்ளதெல்லாம் வரும். செடிகளோடு இருந்த பெயர்ச்சீட்டுகளை இரண்டு வருடமாகப் பேராசிரியர் பக்கத்திலேயே இணைத்துத் தள்ளியிருந்தேன். பாதிச் சீட்டுகளில் இருப்பது அவர் கையெழுத்தே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஒரு குறிப்பேட்டின் கடைசியில் 'தாள் மாற்றியது மல்லிகா, ஜமுனாமரத்தூர்' என்றிருந்தது. செடி உலர்த்தும் தாளை மாற்றியவரே சீட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் மல்லிகாவுக்கு எங்களிடம் பக்கமே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

காலை 6.10க்கு வேலூரில் பஸ். போளூரில் இட்லி, 8 மணிக்கு ஜமுனாமரத்தூருக்கு மலை பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய். வளைவுகளில் வயிறு புரட்டும், இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். நான் நான்கு சாப்பிட்டு அவதிப்பட்டேன்.

"இன்னா மேடம், அருவிக்கா?" என்றார் கண்டக்டர். மல்லிகாவைப் பற்றிச் சொன்னேன்.

"சாமை மெஷின் வெச்சினு இருக்காங்களே, அவங்களா? ஸ்டாண்டு பின்னாலதான் வூடு, போங்க."

ஐம்பது வயது தாண்டிய மல்லிகா, தலையெல்லாம் சாமை உமியோடு வந்து, என் போனை வாங்கிச் சீட்டுகளின் படங்களைப் பார்த்தார். "என் எழுத்துதாங்க. சார் பேரு சொல்வாரு, நான் எழுதுவேன்."

"அக்கா, இனிமே இதெல்லாம் உங்க பேர்ல வரும்" என்றேன் பெருமையாக. அவர் சிரிக்கவில்லை. படங்களைத் தள்ளிக்கொண்டே போய் 43ஆம் சீட்டில் நிறுத்தினார்.

"இது தப்புங்க. அன்னிக்கு நல்ல மழை. செடிய சுத்தின பேப்பர் நனைஞ்சிச்சின்னு மாத்தினேன். அப்போ நாப்பத்திமூணு சீட்டும் நாப்பத்திநாலு சீட்டும் மாறிப்பூடுச்சு. எனக்குத் தெரியறதுக்குள்ள சார் கட்டு கட்டி எடுத்துனு போய்ட்டாரு. அப்புறம் வரவே இல்ல."

எனக்குத் திக்கென்றது. 'இந்த இரண்டு செடிகூட உமக்குத் தெரியாதா' என்று சக பேராசிரியர் ஒருவர் எங்கள் பேராசிரியரைக் கேலி செய்த கடிதம் எங்களிடம் இருக்கிறது. அதற்கு எங்கள் பேராசிரியர் எழுதிய பதிலும் என் போனில் இருந்தது. காட்டினேன்: 'சீட்டு எழுதியது நான்தான். தவறு என்னுடையது.'

மல்லிகா இரண்டு முறை படித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்லிக்கீறாரு பாருங்க மனுஷன்" என்றார். "மாத்துங்க மேடம். நல்லதுக்கு மட்டும் எம் பேரு வாணாம். தப்பையும் எம் பேர்லயே போடுங்க."

இதுபோன்ற வேலைக்கு மலையேறுபவர்கள் படங்களை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வழியில் பல இடங்களில் சிக்னல் இல்லை. திரும்பும் பஸ் 3.30க்கு. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தை எழுதியவர் ஊரில் உயிரோடு இருக்கக்கூடும், முதல் மாதமே விசாரித்துவிடுங்கள்.

அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் மல்லிகாவுக்குப் பக்கம் திறந்தேன். எழுதியவர் என்று அவர் பெயரில் முதலில் இணைத்தது 43ஆம் சீட்டை. பேராசிரியரின் அந்தப் பதில் கடிதத்தையும் அதன் பக்கத்திலேயே வைத்தேன்.