ஒரு நாள் முன்னால் போன வியாழக்கிழமை

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்துக்கு புக்கிங் வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். பெரிய கல்யாணத்துக்குப் போதாது. நிச்சயதார்த்தம், வளைகாப்பு போன்ற விசேஷங்களுக்குச் சரியாக இருக்கும். மன்னார்புரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் மூன்று பேர். அந்த வெப்சைட்டில் தேதி சம்பந்தப்பட்ட பகுதி முழுக்க நான் எழுதியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெப்சைட் ஓட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை மண்டபத்து மேனேஜர் போன் செய்தார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தணியும். அன்று காதில் விழாத அளவுக்குத் தணிந்திருந்தது.

"கொஞ்சம் இங்க வர முடியுமாம்மா? உடனே வாங்க."

நான் போனபோது அவர் மேஜைக்கு எதிரே ஒருவர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். திருவெறும்பூர்க்காரர், தொழிற்சாலையில் வேலை. ஷிப்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். மகளின் வளைகாப்புக்காக எங்கள் வெப்சைட்டில் வியாழக்கிழமையைப் பதிவு செய்திருந்தார். வெப்சைட்டிலிருந்து மேனேஜருக்குப் போன பட்டியலிலோ அது புதன்கிழமை என்று இருந்தது. வியாழன் காலி என்று நம்பிய மேனேஜர், உப்பிலியபுரத்திலிருந்து நேரில் வந்து கேட்ட ஒரு குடும்பத்துக்கு நிச்சயதார்த்தத்துக்காக அந்த நாளைக் கொடுத்துவிட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று அன்று காலை அவர் திருவெறும்பூருக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

திருவெறும்பூர்க்காரர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க. வியாழக்கிழமைன்னு போட்டிருக்கா, இல்லையா?"

போட்டிருந்தது. மேனேஜர் கையிலிருந்த தாளில் புதன் என்றிருந்தது. ஒரே பதிவு, இரண்டு தேதி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அத்தனை சீக்கிரம் புரிந்ததுதான் வெட்கமாக இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தது ஒரு நாளை. என் நிரலோ அதை ஒரு நேரமாக, வியாழன் பிறக்கும் நள்ளிரவு பன்னிரண்டு மணியாக எடுத்துக்கொண்டது. எங்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுவது. நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே வியாழன் பிறக்கும்போது அங்கே புதன் சாயங்காலம் ஆறரை. போனில் பார்த்தால் அது மறுபடி நம் நேரத்துக்குத் திரும்பி வியாழன் என்று காட்டும். பட்டியலைத் தயாரித்தது சர்வர் என்பதால் அதில் புதன். நான் சோதித்ததெல்லாம் என் லேப்டாப்பில். அங்கே எல்லாம் சரியாகவே தெரிந்தது.

"யார் தப்பும்மா இது?" என்றார் திருவெறும்பூர்க்காரர்.

"என்னோடதுங்க சார்."

சண்டைக்குத் தயாராக வந்தவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஏழாம் மாசம். சம்பந்தி வீட்டுக்காரங்க ட்ரெயின் ஏறிட்டாங்க. நான் யாருக்குன்னு போய் மாத்திச் சொல்றது?"

உப்பிலியபுரத்துக்கு நானே பேசுகிறேன் என்றேன். எடுத்தவர் கல்யாணப் பெண்ணின் அம்மா. பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். சர்வர், நேரம் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் நிறுத்தினார்.

"நீங்க சொல்றது எனக்கு விளங்கல. எங்களுக்கு மண்டபம் இருக்கா, இல்லையா?"

"இருக்குங்கம்மா. ஆனா அன்னைக்கு இன்னொரு குடும்பமும் இருக்காங்க. எப்ப யாருக்குன்னு பேசணும்."

மேனேஜர் அதற்குள் சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். வியாழன், ஆறிலிருந்து ஏழரை எமகண்டம். ஏழரையிலிருந்து ஒன்பது வளைகாப்பு, பத்தரையிலிருந்து பன்னிரண்டு நிச்சயம் என்று விரலால் தாளில் தட்டிக் காட்டினார். நான் அப்படியே சொன்னேன்.

"எங்களுக்கு நேரமே பத்தரைக்கு மேலதாம்மா. இங்கேருந்து வேன் வரணுமே," என்றார் அந்த அம்மா. எனக்கு மூச்சு வந்தது. "ஆனா சமையலு? எங்க ஆளுங்க விடியக்காலைலயே வந்து அடுப்பு மூட்டணும்."

சமையற்கட்டு ஒன்றுதான். போனைப் பொத்திக்கொண்டு மற்ற இருவரிடமும் அதைச் சொன்னேன். வழி சொன்னவர் திருவெறும்பூர்க்காரர்.

"கலந்த சாதந்தானே. சமையல்காரர் வீட்லயே செஞ்சு கொண்டாந்துடறோம். அடுப்பை அவங்களே வச்சுக்கட்டும்."

புதன்கிழமை நிரலைத் திருத்தினேன். இனி தேதியோடு நேரம் ஒட்டாது. வருஷம், மாதம், நாள் மட்டும். திருத்தம் நாலைந்து வரிதான். ஆனால் அன்று வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். பஞ்சாங்கம் பார்க்கிற யாரும் நள்ளிரவை நாளின் தொடக்கமாக நினைத்ததில்லை. வளைகாப்புக்கு நாள் குறித்தவர் மனதில் இருந்தது வியாழக்கிழமை என்கிற முழுப் பகல். அதை ஒரு நொடியாகச் சுருக்கி, கண்காணாத நாட்டுக் கடிகாரத்தில் மாட்டியவள் நான்.

வியாழன் காலை, யாரும் கூப்பிடாமலே போனேன். உப்பிலியபுரத்து வேன் சொன்னதைவிடச் சீக்கிரமாக, எட்டரைக்கே வந்துவிட்டது. இறங்கிய பெண்கள் பூத்தட்டுகளோடு வாசலிலேயே ஒதுங்கி நின்றார்கள். கர்ப்பிணியின் அம்மா ஓடி வந்தார்.

"வளைகாப்பு வீட்டு வாசலுக்கு வந்துட்டு வெளிய நிக்கலாமா? உள்ள வாங்க."

அவர்கள் வரிசையில் வந்து, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். போனில் பேசிய அம்மாவைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். என்னையும் யாரோ இழுத்து உட்காரவைத்து, கையில் ஒரு டஜன் பச்சை வளையல் போட்டுவிட்டார்கள். திருவெறும்பூர்க்காரர் சிரிக்கவில்லை. ஒரு தொன்னையில் புளிசாதம் கொண்டுவந்து கொடுத்தார்.

"சாப்பிடும்மா. வேற யாருக்கும் இப்படி ஆகாமப் பாத்துக்க."

மற்ற பதினொரு பதிவுகளும் ஆடி கழிந்து ஆவணிக்கு மேல்தான். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராகப் போன் செய்து, எந்தத் தேதிக்கு மண்டபம் கேட்டிருக்கிறீர்கள் என்று விசாரித்தேன். எல்லோரும் தேதி சொன்னார்கள். ஸ்ரீரங்கத்திலேயே இருந்த ஒரு அம்மாள் மட்டும், "ஆவணி சுக்ல பஞ்சமி," என்றார்.

"இங்கிலீஷ் தேதி என்னங்கம்மா?"

"அது என் பையனுக்குத்தான் தெரியும். அவன் ஆபீஸுக்குப் போயிருக்கானே."

அவரை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, கீழே மருந்துக்கடையில் காலண்டர் வாங்கி வந்து, வளையல் சத்தம் போட ஒவ்வொரு தாளாகத் தள்ளினேன். பஞ்சமி இருந்த தாளும் திருத்திய பட்டியலும் ஒத்துப்போயின.

"சரியா இருக்கும்மா," என்றேன்.

"சரியா இல்லாம?" என்று கேட்டு அவர் போனை வைத்துவிட்டார்.