பிரவுசிங் சென்டர் ஆரூடம்

2000களின் பிற்பாதியில் திண்டுக்கல் நாகல் நகரில் நானும் அண்ணனும் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினோம். ஆறு கணினிகள், ஒரு ஜெராக்ஸ் மெஷின். பரீட்சை முடிவு பார்க்கவும் கல்லூரி விண்ணப்பம் நிரப்பவும் ஆட்கள் வருவார்கள். பிழைப்பே அதில்தான் என்று அண்ணன் நம்பினார். ஆனால் நான் கவனித்தது வேறு. விண்ணப்பம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு முக்கால் மணி நேரம், நண்பர்களைச் சேர்க்கும் ஒரு இணையதளத்திலேயே கிடப்பார்கள்.

"அண்ணே, இனி ரிசல்ட்டுக்காக யாரும் வரமாட்டாங்க. மனுசன் மனுசனத் தேடித்தான் வருவான்" என்றேன் ஒருநாள்.

"ஏத்தா, மனுசனப் பாக்கணும்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போனா பத்தாதா?" என்றார்.

அந்தத் தளத்தில் நானும் சேர்ந்தேன். சில வாரங்களில் அது ஒரு முகத்தைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டது. கன்னிவாடிப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்! அவளைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எங்களுக்குப் பொதுவான தோழிகளை வைத்து அது ஊகித்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இன்னிக்கு நமக்கு யாரத் தெரியும்னு கண்டுபிடிக்குது. நாளைக்கு நாம என்ன சொல்லப்போறோம்னே கண்டுபிடிக்கும், பாருங்க" என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குக் 'குறிகாரம்மா' என்று பட்டப்பெயர் விழுந்தது. நானும் கூடச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது உறுத்தும். பிளஸ் டூவும் ஆறு மாதக் கணினிப் பயிற்சியும்தான் என் படிப்பு. நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

பிடிவாதமாக அந்தத் தளத்தில் 'திண்டுக்கல்காரங்க' என்று ஒரு குழு தொடங்கினேன். நானூறு பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருந்தார்கள்.

"ஊர்லயே இல்லாதவன வச்சு ஊர்க் குழுவா?" என்றார் அண்ணன்.

ஒருநாள் காலை, கடை திறந்த சற்று நேரத்தில், குஜிலியம்பாறையிலிருந்து வந்த ஒரு அம்மா ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க நின்றார். காகிதத்தைத் தலைகீழாக நீட்டினார். விசாரித்தேன். மகளுக்குப் பிரசவ ஆபரேஷன்; சாயங்காலத்துக்குள் ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் வேண்டும்; ரத்த வங்கியில் இருப்பு இல்லை.

"யாருகிட்ட போய்க் கேப்பேன் தாயி? இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாதே" என்றார்.

அவரை உட்காரவைத்துவிட்டு, குழுவில் நான்கு வரி எழுதிக் கடை போன் நம்பரையும் என் செல் நம்பரையும் போட்டேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். "துபாய்ல இருக்கவன் வந்தா ரத்தம் குடுக்கப்போறான்?" என்றார்.

ஒரு மணி நேரம் போன் அடிக்கவேயில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு ஒரு அழைப்பு வந்தது. அதை வைப்பதற்குள் செல்போனில் இன்னொன்று. மதியம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து ஒருவர் வேர்த்து விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஏனுங்க, ரத்தம் கேட்டிருந்தது இங்கதானுங்களா? பெங்களூர்ல இருக்கற என்ற தம்பி போன் பண்ணுனானுங்க. எனக்கும் அதே ரத்தந்தானுங்க."

அடுத்து ஆட்டோவில் வந்து இறங்கியவர், பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் பாடம் எடுக்கும் கன்னியாஸ்திரி. துபாயில் இருக்கும் பழைய மாணவி அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் வண்டியை எடுத்து, மார்க்கெட்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரத்த வங்கிக்குப் பறந்தார்; கன்னியாஸ்திரி அதே ஆட்டோவில் பின்னாலேயே போனார். மூன்றாவதாக வந்தவருக்கு வேலையே இருக்கவில்லை. "அடுத்த தடவ மொதல்ல என்னக் கூப்பிடணும்" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம். அந்த அம்மா திரும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு அண்ணன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ சொன்னதுதான் சரித்தா. நாந்தான் பாக்கத் தெரியாம இருந்துட்டேன்."

அந்த மாதமே அவராகவே ரத்த வகை வாரியாகக் குழுவினரின் பட்டியல் எழுத ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி நர்சுகள் நேராக எங்களுக்கே போன் செய்தார்கள். செய்தி கல்லூரி ஒன்றுக்கு எட்டி, மாணவிகளிடம் பேச என்னை அழைத்தார்கள். மேடையில் ஏறி நினைத்ததைச் சொன்னேன்: "இனி ஒவ்வொருத்தரும் கையில இருக்க செல்போன்லயே குழுவ வச்சிருப்பீங்க. நல்ல சேதி போற வேகத்துலதான் பொய்யும் போகும், கவனமா இருங்க. ஒருநாள் நீங்க கேக்குறதுக்கு மெஷினே பதில் சொல்லும்."

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "அக்கா, அது தமிழ்ல பேசுமா?"

"பேசும். இம்புட்டுச் சனம் தமிழ்ல எழுதுனா, அது கத்துக்காம எங்க போகும்?"

அரங்கமே கை தட்டியது. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நிமிர்ந்து நின்று, அது ஓயும்வரை கேட்டேன்.